நீலம் வடிக்கும் கண்ணாடி

நாற்பதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர் கண்ணாடிக் கடைக்குள் நுழைவதற்கு நெடுங்காலமாக ஒரே காரணந்தான் இருந்துவந்தது: வெள்ளெழுத்து. கருமை குன்றி எழுத்து வெளிறித் தோன்றுவதால் அப்பெயர். நம் பாட்டனார் அதனைச் சாளேசுவரம் என்பார். ஏதோ ஒரு கோயிலின் மூலவர் பெயர்போல ஒலிப்பினும், நாற்பது என்று பொருள்தரும் வடபுலத்து எண்ணுப்பெயரிலிருந்து வந்த சொல் அது. நோயின் பெயருக்குள்ளேயே நோயாளியின் வயதைப் பொதிந்துவைத்த அச்சொல்லாக்கத்தின்மீது நமக்கு எப்போதும் ஒரு மதிப்புண்டு. கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நெகிழ்ச்சியை இழக்கிறது. தொடக்கத்தில் கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடிக்கிறோம். பிறகு கையின் நீளம் போதாமற்போகிறது. கடைக்குப் போகிறோம், கண்ணாடி வாங்குகிறோம், எழுத்து தெரிகிறது. அவ்வளவே வழக்கு.

இப்போது அக்கடைகளில் இன்னொரு சொல் வந்து நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் ப்ளூ கட். கணினி, கைபேசி முதலியவற்றின் திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது; இவ்வில்லை அதனை வடிகட்டிவிடும்; ஆகவே கூடுதலாகச் சில நூறு ரூபாய் தருக என்பது அதன் சாரம். பார்வைக்குறை இல்லாதோரும் தப்புவதற்கில்லை. அவர்களுக்கென ‘ஜீரோ பவர்’ என்ற வகை இருக்கிறது. ஒன்றுமில்லாத ஒன்றை அளந்து விற்கும் இத்திறம் தத்துவவாதிகளுக்கும் வாய்க்காதது.

அண்மையில் படிக்கும் கண்ணாடியை மாற்ற நேர்ந்தபோது இரண்டு கடைகளுக்குச் சென்றோம். இரண்டிலும் ஒரே நாடகம் நிகழ்த்தப்பட்டது. “சார் காலேஜ்லயா? அப்ப கம்ப்யூட்டர் பாக்கற வேலைதானே” என்று தொடங்கிய இளைஞர், மேசையறையிலிருந்து ஒரு பேனா விளக்கையும் ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்தார். விளக்கை அட்டைமீது அடித்தார். அட்டையில் ஊதாநிறக் கறை படிந்தது. பின்னர் இடையில் சாதாரண வில்லையைப் பிடித்து அடித்தார். அப்போதும் கறை படிந்தது. மூன்றாவதாக ப்ளூ கட் வில்லையைப் பிடித்தார். அட்டை மாசுமருவின்றி இருந்தது. “இந்தக் கறைதான் சார் உங்க கண்ணுல விழுது” என்றார். கதை சொல்லும் ஆற்றலுள்ள பிள்ளை. நம் வகுப்பில் இருந்திருந்தால் பட்டிமன்றத்துக்கு அனுப்பியிருப்போம்.

அந்த நாடகத்தில் பொய் எதுவும் இல்லை என்பதே அதன் வலிமை. பேனா ஒளிர்ந்தது உண்மை. வில்லை தடுத்ததும் உண்மை. ஆனால் பேனாவின் ஒளியும் திரையின் ஒளியும் ஒன்றல்ல. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் விரிகிறது. பேனாவிலிருந்து வருவது 405 நானோமீட்டர் அளவிலான ஊதா. ஒளிப்பட்டையின் விளிம்பில், புற ஊதாவுக்கு அண்டைவீட்டில் இருப்பது. அட்டையில் பூசப்பட்ட வேதிப்பொருள் அவ்வொளிக்கு நிறம்மாறும் இயல்புடையது. அந்த விளிம்பை இவ்வில்லை நன்றாகவே அடைக்கிறது. திரைகளின் நீலமோ 450 நானோமீட்டரை ஒட்டி உச்சங்கொள்வது. நீல ஒளி உமிழும் டயோடின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைச் சேர்த்து வெள்ளை ஒளியை உண்டாக்குவதே இன்றைய விளக்குகளின் வழி. அந்த நீல டயோடுக்காகத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த 450இல் நிறமற்ற ப்ளூ கட் வில்லையின் வீரம் பெரிதும் அடங்கிவிடுகிறது. மொத்தத்தில் நீல ஒளியில் 10 முதல் 25 விழுக்காடு வரையே இத்தகைய வில்லைகள் தடுக்கின்றன. அதற்குமேல் தடுக்கவேண்டுமெனில் வில்லை பளிச்சென்ற தேன்நிறத்தில் இருந்தாகவேண்டும். அதை அணிந்து வகுப்புக்குப் போனால் மாணவர்கள் நம்மைத் திரைப்பட வில்லனென்று கருதக்கூடும்.

சரி, அந்தக் கால்பங்கையாவது தடுக்கலாமே என்றால், அடுத்த கேள்வி எழுகிறது: தடுக்கவேண்டிய அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? திரை போன்ற செயற்கை மூலங்களிலிருந்து கண்ணுக்கு வரும் நீல ஒளி, பகல்வெளிச்சத்திலிருந்து வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. நீல ஒளியின் பேரூற்று தலைக்குமேல் கவிந்திருக்கிறது. வானம் நீலமாய்த் தெரிவதே குறுகிய அலைநீள ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறுவதால்தான். களத்துமேட்டில் நாளெல்லாம் நின்ற நம் முன்னோர் குடித்த நீலத்துக்கு முன் நம் கைபேசியின் நீலம் எம்மாத்திரம்?

இவ்விடத்தில் ஓர் இடைப்பேச்சு. பழந்தமிழில் நீலமென்பது பெரும்பாலும் ஒரு குவளைப்பூவின் பெயர், ஒரு மணியின் பெயர். நிறமாக வருமிடத்துக் கருமையோடு கலந்தே நிற்கும். மாயோனைக் கருமேனியன் என்றதும் நீலமேனியன் என்றதும் ஒரே நாவுதான். நீலத்தைத் தனியே பிரித்தெடுத்து அதற்கொரு குற்றப்பத்திரிகை எழுதியது நம் காலத்தின் தனிச்சிறப்பு. மேலும் ஒரு வேடிக்கை: வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. மஞ்சளித்த வில்லை நீலத்தைத் தானே வடிகட்டும். ஓவியர் மோனேவுக்கு 1923இல் வலக்கண்ணில் புரை நீக்கப்பட்டபின் உலகம் நீலம்பாரித்துத் தெரிகிறதென்று அவர் முறையிட்டார். நிறமேற்றிய கண்ணாடிகளை அணிந்து பார்த்தார். நம் அன்னையாரும் புரை அறுவைக்குப் பின் வீடு திரும்பி, கொடியில் காய்ந்த நம் சட்டையைப் பார்த்து, “இது எப்பப்பா எடுத்தது, இம்புட்டு நீலமா இருக்கு” என்றார். ஐந்தாண்டுப் பழஞ்சட்டை அது. ஆகவே நாற்பதைக் கடந்த நம்போன்றோர் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு ப்ளூ கட் வில்லை கட்டணமின்றி விளைந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொன்றை வாங்கிக் கவிழ்ப்பது மழைக்காலத்தில் கிணற்றுக்குக் குடை பிடிப்பது போன்றது.

வாதம் ஒருபுறமிருக்க, அணிந்தவர்களுக்குப் பயன் கிட்டியதா என்று பார்ப்பதே முறை. காக்ரேன் என்னும் மருத்துவ மீளாய்வு அமைப்பு 2023 ஆகஸ்டில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் லாரா டவுனி தலைமையிலான குழு, 6 நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. கணினிப் பணியால் வரும் கண்சோர்வைக் குறுகிய காலத்தில் குறைப்பதில், நீலம் வடிக்கும் வில்லைக்கும் சாதாரண வில்லைக்கும் வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிபு. உறக்கம் பற்றித் திட்டமாக எதுவும் சொல்ல இயலவில்லை. விழித்திரையைக் காக்குமா என்பதற்கு அவ்வாய்வுகளில் விடையே இல்லை. நேர்மைக்காக ஒன்று சொல்லவேண்டும்: அவ்வாய்வுகள் சிறியவை, 5 பேரை வைத்து நடத்தியதும் உண்டு, மிகப் பெரியதில் 156 பேர். காலமும் ஐந்து வாரத்தைத் தாண்டவில்லை. ஆகவே இது இறுதித் தீர்ப்பன்று. ஆனால் பயனுண்டு என்று சொல்லி விற்பவர்தாமே அதை மெய்ப்பிக்கும் கடமையுடையவர்? அமெரிக்கக் கண்மருத்துவக் கழகமும் கணினிக்கென இக்கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. இங்கிலாந்தில் பூட்ஸ் ஆப்டிசியன்ஸ் நிறுவனம் இவ்வில்லையைப் பற்றிச் செய்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று கண்ட ஒழுங்குமுறை மன்றம், 2017இல் 40,000 பவுண்டு தண்டம் விதித்தது. நம் ஊரில் பேனாவும் அட்டையும் இன்னும் தடையின்றி உலவுகின்றன.

அப்படியாயின் திரையைப் பார்த்தால் கண் எரிவது பொய்யா? இல்லை. 2020இன் பொதுமுடக்கத்தில் நாள்தோறும் ஐந்து மணிநேரம் கணினிக்கு முன்னமர்ந்து, கறுப்புக் கட்டங்களுக்கு யாப்பருங்கலக்காரிகை நடத்தியவர்கள் நாம். மாலையில் கண்ணில் மணல் கொட்டியது போலிருக்கும். எரிச்சல் மெய், காரணம்தான் வேறு.

காரணத்தை நம் இலக்கியமாணவர்க்கு விளக்குவது எளிது. நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் இந்திரன் முதலிய நால்வரும் நளனுருக் கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். உண்மை நளனை அவள் எவ்வாறு அறிந்தாள்? கண் இமைத்தது, கால் நிலத்தில் படிந்தது, மாலை வாடியது. தேவர் இமையார்; மானுடன் இமைப்பான். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கும் நாம், திரையின் முன் அதில் பாதியோ மூன்றிலொன்றோதான் இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் விழியின்மேல் கண்ணீரை மெழுகிச் செல்கிறது. மெழுகாத திண்ணைபோல் விழி காய்கிறது, எரிகிறது. குளிரூட்டிய அறையானால் இன்னும் விரைவில் காயும். அச்சுப் புத்தகத்தில் ஆழ்ந்தாலும் இமைப்பு குறையத்தான் செய்யும். இதைச் சொல்லாது விட்டால் புத்தகப்பித்தின் பக்கச்சார்பாகிவிடும். ஆனால் புத்தகத்தைச் சற்றே தாழ்த்திப் பிடிக்கிறோம், இமை பாதி கவிந்திருக்கிறது. திரையையோ விழியை அகலத் திறந்து நேருக்குநேர் பார்க்கிறோம். இத்துடன், அருகிலுள்ள ஒன்றையே மணிக்கணக்கில் நோக்குவதால் கண்ணினுள் வில்லையை வளைக்கும் தசை ஓய்வின்றி இறுகிக் கிடக்கிறது. தலைவலி அங்கிருந்து வருவது.

எந்த நிற வடிகட்டியும் நம்மை இமைக்கவைக்காது. பார்வையைத் தொலைவுக்குத் திருப்பாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது நொடி பாருங்கள் என்று கண்மருத்துவர் சொல்லும் எளிய கணக்கு இவ்விரண்டையும் செய்கிறது. நம் துறையின் சாளரத்துக்கு வெளியே ஒரு வேம்பு நிற்கிறது. இருபது அடி இருக்கும். அதற்கு ரசீது எவரும் தருவதில்லை.

இவ்வளவும் நம் சொந்தக் கண்ணைப் பற்றியதாக இருந்தால் எழுதத் துணிந்திருக்கமாட்டோம். சில நூறு ரூபாயை வீணாக்கும் உரிமை பேராசிரியர்களுக்கு உண்டு. எழுதவைத்தது வேறொன்று.

நம் முதுகலை வகுப்பில் மாணவி ஒருவர் இருந்தார். தந்தை கட்டடவேலை. வீட்டில் முதல் பட்டதாரி. பகலில் வகுப்பு, மாலையில் ஒரு தட்டச்சகத்தில் ஆவணங்களைக் கணினியில் உள்ளிடும் வேலை. தலைவலி என்று அடிக்கடி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பார். கண்ணாடி அணிந்தே இருந்தார். ஆகவே கண்ணில் குறையிருக்குமென்று எவருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் கல்வெட்டுப் படி ஒன்றை வாசிக்கச் சொன்னோம். ளகரமும் னகரமும் ஒன்றன்மேலொன்று நிழலிட்டுத் தெரிவதாகச் சொன்னார். “கண்ணாடி எப்பம்மா மாத்துனீங்க?” என்றோம். “இது பவர் கண்ணாடி இல்லைங்கய்யா. கம்ப்யூட்டர் கண்ணாடி. அப்பா வாங்கிக்கொடுத்தாங்க. ஆயிரத்து எண்ணூறு” என்றார். ஓராண்டுக்குமேல் அணிந்திருக்கிறார். கடையில் கண்ணைச் சோதித்தார்களா என்று கேட்டதற்கு, “அட்டையில லைட் அடிச்சுக் காமிச்சாங்கய்யா” என்றார்.

அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரு கண்ணிலும் உருளைப்பிழை. அதாவது விழியின் முன்பரப்பு ஒரு திசையில் கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் வளைந்திருப்பது. எழுத்து நிழலிடுவதும் தலைவலிப்பதும் அதன் இயல்பான குறிகள். சரியான எண் கொண்ட வில்லை, ப்ளூ கட் எதுவுமில்லாதது, அந்த ஆயிரத்து எண்ணூறில் மூன்றிலொரு பங்குக்குக் கிடைத்தது. ஒரு வாரத்தில் தலைவலி நின்றது.

தந்தையின் மூன்றுநாள் கூலி போனதில் நமக்கு வருத்தமுண்டு. அதனினும் பெரிது, அந்த ஓராண்டு போனது. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி அமர்ந்திருந்ததனாலேயே அவரை எவரும் கண்மருத்துவரிடம் போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. பயனற்ற பொருள் பயனுள்ள பொருளின் இருக்கையில் அமர்ந்துகொள்வதுதான் இவ்வில்லை செய்யும் கேடு. வில்லையால் கண்ணுக்குத் தீங்கு உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. அந்த ‘இல்லை’க்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது.

இதன்பின், முன்னாள் மாணவர் சங்கத்தார் கணினி ஆய்வகத்தில் பயிலும் மாணவர்க்கெல்லாம் ப்ளூ கட் கண்ணாடி வாங்கித்தர 60,000 ரூபாய் ஒதுக்கியிருப்பதாகக் கூறிக் குழுவில் நம் கருத்தைக் கேட்டார்கள். நல்லெண்ணம், ஐயமில்லை. நன்கொடையைக் குறைசொல்வது நாகரிகமன்று என்பதால், குழுவில் சிலர் கைதட்டத் தயாராயினர். தமிழாசிரியருக்கு ஒளியியல் எதற்கு என்று நண்பர் ஒருவர் நகைத்தார். தொல்காப்பியர் எழுத்து பிறக்கும் இடத்தைக் கண்டமும் நெஞ்சும் வரை சென்று ஆராய்ந்தார்; எழுத்து தெரியும் இடத்தைக் கண்ணுக்குள் சென்று ஆராய்ந்தால் குற்றமா என்றோம். பின்னர், மேலே எழுதியவற்றைச் சுருக்கிச் சொன்னோம்.

உறக்கத்துக்கு நல்லதென்கிறார்களே என்று வணிகவியல் துறையினர் கேட்டார்கள். பொருட்படுத்தவேண்டிய கேள்வி. விழித்திரையில், பார்ப்பதற்கன்றிப் பொழுதை அறிவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியே அவற்றுக்குப் பகலென்னும் செய்தி. இரவில் அச்செய்தி போனால் உறக்கம் பிந்தும். பாஸ்டனில் 12 பேரை வைத்து நடந்து 2014 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றில், உறங்குமுன் நான்கு மணிநேரம் ஐபேடில் படித்தவர்கள் அச்சுநூல் படித்த நாள்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாக உறங்கினர். பத்து நிமிடம்! அதுவும் மங்கிய அறையில் முழு ஒளியுடன் நான்கு மணிநேரம் படித்து. நிறமற்ற வில்லை அந்த 480ஐப் பெரிதாகத் தொடுவதுமில்லை. நம் மாணவரின் உறக்கத்தைத் தின்பது கைபேசியின் நிறமன்று, அதில் ஓடும் படம். திரையின் ஒளியைக் குறைக்கும் வசதி கைபேசியிலேயே இலவசமாக இருக்கிறது. அணைக்கும் வசதியும் இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் தடுக்குமா என்று நூலகர் கேட்டார். அவருக்கு ஏழு வயதில் மகன். அதற்கு வேறொன்று உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சீனத்தின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினர்க்குக் கிட்டப்பார்வை வந்தது; அவ்வாறு விடப்படாதோருள் 39.5 விழுக்காட்டினர்க்கு வந்தது. 2015இல் வெளியான ஆய்வு. பிள்ளைக்கு வேண்டியது வானத்தின் வெளிச்சம் என்றால், அதே ஒளியை ஆயிரத்திலொரு பங்குக்கு அஞ்சி வடிகட்டித் தருவதைப் பற்றி என்ன சொல்ல!

கண்ணாடியே வாங்கும்போது கேட்டு வாங்கத்தக்கது ஒன்றுண்டு. வில்லைமேல் எதிரொளியைக் குறைக்கும் பூச்சு. விளக்கின் நிழலுரு வில்லையில் விழுந்து தொல்லைதராமல் அது காக்கும். ப்ளூ கட் வில்லை இதமாக இருக்கிறதென்று சிலர் சொல்வது பெரும்பாலும் இப்பூச்சின் புண்ணியம் என்பது நம் கருத்து. இரண்டையும் சேர்த்தே பல கடைகளில் விற்கிறார்கள். தனியே கேட்டால் கிடைக்கும். சற்று அழுத்திக் கேட்கவேண்டும். நாமும் அதையே வாங்கினோம். பேனா வைத்திருந்த இளைஞருக்கு ஏமாற்றந்தான். இரண்டும் ஒரே விலையில் வருமாயின் எதை வாங்கினும் கேடில்லை. முகத்தில் ஊதாநிற மினுக்கம் பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

குழு ஒருவழியாக இசைந்தது. 60,000 ரூபாயில் கண்ணாடி வாங்குவதற்கு மாறாக, கண்சோதனையாளர் இருவரை வரவழைத்து, கருத்தரங்கக்கூடத்தில் இரண்டு நாள் சோதனை நடத்தினோம். 212 மாணவர் வந்தனர். 47 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அதுவரை கண்ணாடி அணியாதவர்கள். 9 பேர் ஜீரோ பவர் அணிந்து வந்திருந்தார்கள். பணம் 47 கண்ணாடிக்கும் போதியது. சிறிது மிஞ்சியும் இருக்கிறது. மிச்சத்தை அடுத்த ஆண்டுச் சோதனைக்கு வைப்பதா, ஆய்வகத்தின் மேசை உயரத்தைச் சரிசெய்வதா என்று இப்போது விவாதம் நடக்கிறது. நாம் மேசையின் பக்கம்.